கரிச்சட்டி வைத்த அறை

பிரபு,

ஞாயிற்றுக்கிழமை நீ கோபித்துக்கொண்டு காரைக் கிளப்பிப் போன பிறகு, கூடத்துச் சோபாவுக்கு அடியில் குழந்தையின் ஒற்றைக் கையுறை கிடந்தது. இந்தப் பார்சலில் மேலாக வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு வெள்ளை டப்பா இருக்கும். அது என்ன, எதற்கு என்று பிறகு எழுதுகிறேன். முதலில் இந்தக் கடிதத்தைப் படி. நித்யாவும் படிக்கட்டும். உறையை நான் ஒட்டவில்லை. வழியில் யார் பிரித்துப் படித்தாலும் எனக்கு இனி அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. படிக்க வேண்டியவர்களில் ஒருவருக்கு நேற்றே நேரில் சொல்லிவிட்டேன். அடுத்துத் தெரிய வேண்டியவன் நீ.

அன்று நடந்ததை உன் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்தேன். மணாலிக்கு மேலே ஏதோ ஒரு கிராமத்தில் மரவீடு எடுத்து, பனியில் ஐந்து நாள் இருந்துவிட்டு வரலாம் என்று நீயும் நித்யாவும் ஆறு மாதமாக ஆசைப்பட்டீர்கள். என்னுடைய பெரிய சக்கரப்பெட்டி வேண்டும் என்று சென்னையிலிருந்து ஆரணிக்கு வந்தீர்கள். வந்த இடத்திலேயே பெட்டியைத் திறந்து வைத்து, கூடம் முழுக்கத் துணியைப் பரப்பி, எது உள்ளே, எது வெளியே என்று நித்யா பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு ஓடியது. நானும் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அப்போது நித்யா போனில் அந்த வீட்டின் படங்களைக் காட்டினாள். சுற்றிலும் பனி, மரச்சுவர், மரக்கூரை, கனத்த மெத்தை. நாலாவது படத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புச் சட்டி, அது நிறையச் செக்கச்செவேல் என்று தணல்.

“இது இன்னாம்மா?” என்று கேட்டேன்.

“அங்கீதி மாமா. கரி போட்டுப் பத்த வெச்சு பெட்ரூமுக்கே கொண்டாந்து வெப்பாங்களாம். ராத்திரி பூரா கதகதன்னு இருக்கும்னு எழுதியிருக்காங்க.”

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போனது உனக்கு நினைவிருக்கும். தண்ணீர் குடிக்கப் போனேன் என்று நினைத்திருப்பாய். குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். திரும்பி வந்ததும், “போறதுன்னா நீங்க ரெண்டு பேரும் போங்க, கொழந்தய இங்க உட்டுட்டுப் போங்க” என்றேன். நல்லவிதமாகச் சொல்லத் தெரியாமல் கத்திச் சொன்னேன்.

“உங்களுக்கு இன்னாதான் பிரச்சன நைனா?” என்றாய் நீ. “பத்தாவதுல எல்லாரும் ஊட்டி டூரு போனாங்க, என்ன மட்டும் அனுப்பல. காலேஜ்ல கொடைக்கானல், அதுக்கும் உடல. அம்மாவுக்கு ஹார்ட்டு வீக்கு, குளிரு தாங்கல, செத்துட்டாங்க. சரி. அதுக்காக எம் பொண்ணு காலம் பூரா வெயில்லயே கெடக்கணுமா?”

நித்யா துணிகளை வாரிப் பெட்டிக்குள் அடைத்தாள். நீங்கள் சாப்பிடாமல் போனீர்கள்.

உன் அம்மாவுக்கு இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லை, பிரபு. தினமும் மாடித் தொட்டியிலிருந்து இரண்டு குடம் தண்ணீரை ஒரே மூச்சில் இறக்கிக்கொண்டு வருவாள். அவள் சாகும்போது அவளுக்கு இருபத்தாறு வயது. இதயம், குளிர் என்பதெல்லாம் நான் உனக்குச் சொன்ன பொய். அவளுடைய அண்ணன், உன் சேகர் மாமாவுக்கு வேறு ஒரு பொய் சொன்னேன். உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இரண்டு பொய்யையும் ஒன்றோடொன்று இடிக்காமல் பார்த்துக்கொள்வதே எனக்கு ஒரு வேலையாக இருந்தது. பிள்ளைக்கு அந்தச் சாவைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம், மனசு கெட்டுவிடும் என்று மாமாவின் வாயையும் உன் அத்தையின் வாயையும் நான்தான் கட்டினேன். அவர்கள் அதை என் பாசம் என்று நினைத்தார்கள்.

அந்தப் பொய் சும்மாவும் கிடக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ படபடப்பாக இருக்கிறது என்றாய். வேலூருக்குக் கூட்டிப் போய் எக்கோ எடுத்தோம். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் இதயநோயால் மரணம் உண்டா என்று டாக்டர் கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து நீ ஓடியதில்லை, பந்து விளையாடியதில்லை. உன் மகள் பிறந்த மூன்றாம் நாள் அந்தச் சிறு நெஞ்சில் கருவியை வைத்து நீங்கள் சோதித்தபோதும் நான் அறை வாசலில்தான் நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அப்போது உனக்கு இரண்டரை வயது. நம் சாயப்பட்டறையை நான் தனியாக எடுத்து நடத்தத் தொடங்கிய சமயம். கோயம்புத்தூரில் ஒரு ஜவுளிக்காரர் நம்மிடம் பட்டு நூலுக்குச் சாயம் போட்டு வாங்குவார். அவருக்கு ஊட்டியைத் தாண்டி ஒரு சரிவில் மரவீடு ஒன்று இருந்தது. பொங்கல் கழிந்து வேலை குறைந்திருந்த நேரம். “வூட்டுக்காரம்மாவ கூட்டிகினு மூணு நாளு போய்ட்டு வாப்பா, சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்குது” என்றார். கல்யாணமாகி நாங்கள் திருப்பதியைத் தவிர எங்கும் போனதில்லை. உன் அம்மா வசந்தா ஒரு வாரம் பெட்டி கட்டினாள். நித்யாவைப் போலவேதான், தரையெல்லாம் பரப்பி. அக்கம்பக்கத்தில் கேட்டு இரண்டு கனத்த கம்பளி வாங்கி வந்திருந்தாள். மடித்தால் ஒவ்வொன்றும் ஒரு மூட்டை. கிளம்புகிற அன்று அந்த இரண்டையும் நான் வெளியே எடுத்துப் போட்டேன்.

“இன்னாத்துக்கு இந்தச் செம? அங்க எல்லாம் குடுப்பாங்க.”

“கொழந்தைக்காச்சும் ஒண்ணு இருக்கட்டுங்க.”

“நீ ஊர காலி பண்ணிகினு போற மாதிரி கட்டுவ. நாந்தான தூக்கிகினு அலையணும்?”

கம்பளி இருந்த இடத்தில் நான் சாயம் போட்ட பட்டு நூல் சிட்டங்களை வைத்தேன். புதிதாக ஒரு அரக்கு நிறம் பிடித்திருந்தேன். திரும்பும் வழியில் கோயம்புத்தூர்க்காரருக்குக் காட்டிப் பெயர் வாங்க வேண்டும் என்று ஆசை. அவள் அந்தக் கம்பளிகளைத் திரும்ப மடித்துப் பெஞ்சு மேல் வைத்தாள். ஆகவே முதலில் இதைக் கேட்டுக்கொள்: குளிர் ஊருக்குப் போகும்போது போர்வையைப் பெட்டியிலிருந்து எடுக்கிற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதே. நீயே சொன்னாலும் நித்யா கேட்க வேண்டாம். எடுத்துப் போனது உதவாமல் போனால் தோள்வலியோடு போகும். எடுத்துப் போகாததற்கு வேறு ஏதாவது ஒன்றை அங்கே தேட வேண்டியிருக்கும். நான் தேடினேன்.

பஸ் கண்ணமங்கலத்தில் நின்றபோது உன் சேகர் மாமா ஜன்னல் வழியாக ஒரு பை முறுக்கும், உனக்கு ஒரு குரங்குக் குல்லாவும் கொடுத்தார். “ஜாக்கிரதையா இட்டுகினு வா மாப்ள” என்றார் என்னிடம். காட்பாடியில் ரயில் ஏறி, மேட்டுப்பாளையத்தில் இறங்கி, மலை பஸ்ஸில் நீ இரண்டு முறை வாந்தியெடுத்து, ஒருவழியாக அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வசந்தா வாசலில் நின்றுகொண்டு வாயிலிருந்து ஆவி வருவதை உனக்கு ஊதி ஊதிக் காட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை. முதல் நாள் அங்கே கொடுத்த போர்வைகளைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடியே தூங்கினோம். மறுநாள் காலை புல்லெல்லாம் உறைபனி, உப்பு கொட்டியது போல. இரண்டாம் நாள் மாலைக்குள் உனக்கு இருமல் வந்துவிட்டது.

அந்த வீட்டு வாட்ச்மேன் பெயர் போஜன். வீட்டுக்குப் பின்னாலேயே சிறு ஓட்டு வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். நாற்பது வயது இருக்கலாம். மாலையில் வராந்தாவில் ஒரு தகரச்சட்டியில் கரி மூட்டிக் கொண்டுவந்து வைப்பார், நாம் சுற்றி உட்கார்ந்து கை காய்ச்சிக்கொள்வோம். அன்று நான் அதை உள்ளே வைக்கச் சொன்னேன்.

“வேணாங்க சார்,” என்றார் அவர். “கரி எப்பவும் வெளியதான். உள்ள வெச்சா தூக்கத்துலயே ஆளத் தூக்கிரும். கொழந்தைக்கு வேணும்னா சுடுதண்ணி பாட்டில்ல புடிச்சு துணி சுத்தித் தரேன், கால்மாட்டுல வெச்சிக்கங்க.”

“யோவ், நான் பொறந்ததே அடுப்பு முன்னாலதான்யா. எனக்கு நெருப்பப் பத்தி சொல்றியா?”

பொய்யில்லை. பதினாலு வயதிலிருந்து விறகடுப்பு முன்னால் நின்று செம்புக் கொப்பரையில் நூலை முக்கி எடுத்தவன் நான். ஆனால் நம் பட்டறைக்கு மூன்று பக்கம் சுவர் கிடையாது. அதை நான் யோசித்ததில்லை. அவர் சுடுதண்ணீர் பாட்டில் இரண்டு கொடுத்துவிட்டு, சட்டியை வராந்தாவிலேயே விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். அவர் போன பிறகு நான்தான் துணியைச் சுற்றிப் பிடித்து அந்தச் சட்டியை உள்ளே தூக்கி வந்தேன். புகை இல்லை பார், வெறும் தணல்தான் என்று வசந்தாவிடம் காட்டினேன். ஜன்னல் இடுக்கில் காற்று வந்தது, பழைய செய்தித்தாளை மடித்து மடித்துச் செருகினேன். கதவுக்கு அடியிலும் ஒரு விரல் இடைவெளி இருந்தது. அதற்கு ஒரு சாக்கு தேட வேண்டும். சோம்பலாக இருந்தது, விட்டுவிட்டேன். அந்தச் சோம்பலால்தான் இன்று நீ உயிரோடு இருக்கிறாய். நானும் நீயும் கதவோரம் மெத்தையில் படுத்தோம். வசந்தாதான் அதிகம் நடுங்கினாள் என்று சட்டியை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். அக்கறையோடுதான் வைத்தேன்.

விளக்கை அணைத்த கொஞ்ச நேரத்தில், “தல வலிக்குதுங்க. ஜன்னல கொஞ்சம் தொறக்கட்டுமா?” என்றாள்.

“கொழந்த இருமிகினு கீது. கம்முனு படு.”

நான் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

விடிகிற நேரம் நீ வாந்தியெடுத்துக்கொண்டு அழுதாய். எழுந்தால் எனக்கும் தலை சுற்றியது, கால் நிற்கவில்லை. இரவு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறக்கும்போது வசந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் சிவந்து, நலமாக இருப்பவள் போல இருந்தாள். பரவாயில்லை, இவளுக்குக் குளிர் விட்டிருக்கிறது என்று எனக்கு ஒரு திருப்தி. எழுப்ப வேண்டாம் என்று கதவை வெளியிலிருந்து இழுத்து நன்றாகச் சாத்தினேன். போஜன் வீட்டுக்குப் போய் உன்னைக் கழுவி, அவர் மனைவி போட்டுக் கொடுத்த காபியைக் குடித்தேன். வெளிக்காற்றில் எனக்குத் தலை தெளிந்தது, நீயும் அழுகையை நிறுத்தினாய். அவர்களுடைய கோழியைக் காட்டி உனக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ. “அம்மா எழலீங்களா சார்?” என்று போஜன் கேட்டார். “தூங்கட்டும், பாவம், வூட்ல எங்க தூங்கறா” என்றேன்.

வராந்தாவில் சட்டி இல்லாததை அவர்தான் பார்த்தார். ஓடினார். நான் உன்னைக் கீழே விட்டுவிட்டுப் பின்னால் ஓடுவதற்குள் அவர் கதவை உதைத்துத் திறந்து, ஜன்னலை உடைத்து, அவளை வராந்தாவுக்குத் தூக்கி வந்து கிடத்தியிருந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்தார், உள்ளங்காலைத் தேய்த்தார், எவன் வண்டியையோ நிறுத்தி ஏற்றினார். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். “அப்பவே வெளிய தூக்கிட்டு வந்திருந்தீங்கன்னா...” என்று தொடங்கி, என் கையில் இருந்த உன்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து, கரிச்சட்டியை உள்ளே வைத்தது யார் என்று கேட்டார். போஜன் சுவரோரம் நின்றிருந்தார். சட்டையெல்லாம் உன் அம்மாவின் வாந்தி. நான் உண்மையைச் சொன்னால் என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள், குழந்தையை யார் பார்ப்பது என்று யோசித்தேன் என்றுதான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணமல்ல. வசந்தா வீட்டாரின் முகத்தை நினைத்துப் பயந்தேன், அதுதான் காரணம். “வாட்ச்மேன் வெச்சிட்டுப் போனாரு” என்றேன்.

“சார்... நான் வராந்தாவுலதான சார் வெச்சேன்?” என்றார் அவர். போலீஸ்காரரைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். தனக்கே சந்தேகம் வந்துவிட்டவர் போலக் கேட்டார்.

மறுநாள் சேகர் மாமா வந்து சேர்ந்தார். போஜனை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். “இவனா?” என்று மாமா என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். மாமா அவரைக் கன்னத்தில் அறைந்தார். இரண்டாவது அறையில் அவர் பெஞ்சிலிருந்து கீழே விழுந்தார். யாரும் தடுக்கவில்லை. போஜன் கையைக்கூடத் தூக்கவில்லை. பதினோரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள் என்றும், வேலை போய், அந்த ஓட்டு வீட்டையும் காலி செய்ய வேண்டி வந்தது என்றும் கோயம்புத்தூர்க்காரர் பிறகு சொன்னார். கேஸ் எப்படியோ முடிந்தது. நான் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு உன்னோடு ஆரணிக்கு வந்துவிட்டேன். அத்தை உன்னை எடுத்துக்கொண்டாள். ஊரே எனக்காக இரக்கப்பட்டது. அந்த இரக்கத்தையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு தடவை, கோயம்புத்தூரில் வேலை என்று அத்தையிடம் சொல்லிவிட்டு ஊட்டிக்குப் போனேன். போஜனைப் பார்த்து, அவர் காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். விசாரித்துப் போனதில் மார்க்கெட்டில் கேரட் மூட்டை தூக்குகிறார் என்றார்கள். லாரிக்குப் பக்கத்தில் நின்றேன். ஆள் பாதியாகியிருந்தார், தாடி நரைத்திருந்தது. என்னைத் தெரியாது என்று நினைத்தேன். முதுகு மூட்டையோடேயே நின்று என்னைப் பார்த்தார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

“கொழந்த நல்லா இருக்குதா சார்?”

திட்டியிருந்தால் சொல்லியிருப்பேன், பிரபு. சட்டையைப் பிடித்திருந்தால்கூடச் சொல்லியிருப்பேன். அவர் உன்னைக் கேட்டார். “நல்லா இருக்கான், நாலாவது படிக்கறான்” என்றேன். “படிக்கட்டும் சார்” என்றார். மேஸ்திரி கூப்பிட்டான், போய்விட்டார். நான் பஸ் ஏறிவிட்டேன். அடுத்த வருஷங்களில் நீ கேட்ட சுற்றுலாவுக்கெல்லாம் முடியாது என்றதில், மலைமேல் பயம் பாதி. யாராவது ஒருவர் உன்னிடம் வந்து உன் பெயரைக் கேட்டு, உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் மீதி. உன் நன்மைக்கு என்று அப்பன் ஒன்றை மறுக்கும்போது, அதில் அவன் நன்மை எவ்வளவு கலந்திருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். நீயும் இப்போது ஒரு அப்பன். உன் மகள் ஒருநாள் உன்னைக் கேட்டால் கோபப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகு, போனில் உன்னிடம், கரிச்சட்டி வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடலாம் என்று எடுத்தேன். நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அதை மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் தப்பித்திருப்பேன். செவ்வாய்க்கிழமை கண்ணமங்கலத்துக்குப் போய் சேகர் மாமாவின் உரக்கடையில் உட்கார்ந்தேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் அவர் எழுந்து கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

“எத்தன வருசம்டா?” என்றார். அவர் என்னை டா போட்டுப் பேசியதே இல்லை.

நான் சொன்னேன்.

“அந்த ஆளு பேரு இன்னா?”

“போஜன், மச்சான்.”

“பேரு கூட தெரியாது எனக்கு. பேரு தெரியாத ஒருத்தன அடிச்சிட்டு வந்து, எந் தங்கச்சிக்காக அடிச்சேன்னு இத்தினி நாளா பெருமையா சொல்லிகினு இருந்தேன்.” தன் உள்ளங்கையைப் பார்த்தார். “பையனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. வெள்ளிக்கிழம ராத்திரி மணாலிக்குக் கெளம்பறான். அங்க ரூமுல கரி வெப்பாங்களாம்.”

அவர் என் சட்டையைப் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “போயி மொதல்ல அவனுக்குச் சொல்லு. எந் தங்கச்சி புள்ளய அதே குழிக்கு அனுப்பாத. போ” என்று வெளியே தள்ளிவிட்டார். தெருவில் விழுந்தேன். எதிர்க்கடைக்காரன் ஓடி வந்து தூக்கினான். மயக்கமா என்று கேட்டான். தள்ளினார் என்று சொன்னேன். அந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொன்னேன்.

இனி அந்த வெள்ளை டப்பா. நம் பட்டறையில் இப்போது விறகு இல்லை, கேஸ் பாய்லர்தானே. அதைச் சர்வீஸ் செய்ய வரும் பையனிடம் கேட்டு வேலூரிலிருந்து வாங்கி வரச் செய்தேன். கரித் தணலிலிருந்து கிளம்பி மூச்சை நிறுத்துகிற வாயு ஒன்று உண்டு, அது அறையில் சேர்ந்தால் இது கத்தும். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. பேட்டரி போட்டுச் சோதித்துவிட்டேன், தெருவுக்கே கேட்டது. படுக்கிற அறையில், குழந்தை படுக்கும் உயரத்தில் வை. பெட்டியில் போடாதே, கைப்பையில் வைத்துக்கொள். ஆனால் இது இருக்கிறதே என்று அந்தச் சட்டியை உள்ளே விடாதே. எந்த ஊர்க்காரன் வழக்கம் என்று சொன்னாலும், எவ்வளவு குளிர் என்றாலும், கரி வெளியேதான். கேஸ் ஹீட்டராக இருந்தாலும் அணைத்துவிட்டுப் படுங்கள். சுடுதண்ணீர்ப் பை மூன்று வாங்கிக்கொள். படுக்கும்போது போட ஈரம் படாத கம்பளிக் காலுறை தனியாக ஒரு ஜோடி ஒவ்வொருவருக்கும். குழந்தைக்குக் கனத்த சட்டை ஒன்றைவிட மெல்லியது மூன்று. உள்ளே காற்று வருகிறது என்று எதையும் அடைக்காதே. ராத்திரி யாருக்காவது தலை வலித்தால், குமட்டினால், என்ன ஏது என்று யோசிக்காமல் மூன்று பேரும் வெளியே வந்துவிடுங்கள். யாரையும் தூங்கட்டும் என்று விட்டுவிட்டு வராதே. நித்யா ஒன்று சொன்னால் உடனே கம்முனு இரு என்று சொல்லாதே. எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான். இதைவிடப் பெரிதாக என்னிடம் இல்லை.

இதய விஷயமாக நீ யாரிடமெல்லாம் என்ன சொல்லியிருக்கிறாயோ, அதையெல்லாம் மாற்றிச் சொல்லிவிடு. உன் அம்மா வழியில் உனக்கு எந்த நோயும் வரவில்லை. நீ ஓடலாம்.

இதைப் படித்த பிறகு நீ இந்த வீட்டுக்கு வர வேண்டாம் என்று முடிவு செய்தால், நான் ஏன் என்று கேட்க மாட்டேன். அத்தையிடம் இன்று சொல்லப் போகிறேன். குழந்தையைக் காட்டாமல் இருந்தால் அதையும் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். மணாலிக்குப் போகாதே என்று இப்போது நான் சொல்லவில்லை. போ. உன் அம்மாவுக்குப் பனி பிடித்திருந்தது.

காலையில் சேகர் மாமா போன் செய்தார். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கண்ணமங்கலம் ஸ்டாப்பில் நிற்பாராம். ஊட்டிக்குப் போகிறோம். “அந்த ஆளு இருந்தா அவன்கிட்ட, இல்லன்னா அவன் புள்ளைங்ககிட்ட. நீ வாயத் தொறந்து சொல்ற. அப்புறம் ஸ்டேஷனுக்கும் போய்ச் சொல்ற. நான் பக்கத்துல நிக்கறேன். உனக்காக இல்ல” என்றார். சரி என்றேன். அங்கே எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது.

நீ எனக்குப் போன் செய்ய வேண்டாம். பேச வேண்டாம். நித்யாவிடம் மட்டும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே இருக்கிற ஐந்து நாளும், காலையில் மூன்று பேரும் கண் விழித்த பிறகு, “எழுந்துட்டோம்” என்று ஒரு வார்த்தை அனுப்பச் சொல்.

நைனா